சிகாகோவைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு: திசை பிரித்து நான்கு நாட்கள்

சிகாகோவுக்கு முதன்முறை வரும் உறவினர்களும் நண்பர்களும் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு பட்டியலோடுதான் வந்து இறங்குகிறார்கள். அதில் இரண்டு வானுயர் கட்டடங்கள், மூன்று அருங்காட்சியகங்கள், ஒரு படகுப் பயணம், ஒரு பீட்சாக் கடை, ஒரு கோயில் எல்லாம் இருக்கும். கையில் இருப்பதோ மூன்று அல்லது நான்கு நாட்கள். எழுதிவைத்த வரிசைப்படியே அலைந்தால் பாதி நாள் சாலையிலும் மீதி நாள் நுழைவுச்சீட்டு வரிசையிலும் கழிந்துவிடும். பல ஆண்டுகளாக விருந்தினர்களை அழைத்துச் சென்று நான் கற்றுக்கொண்டது இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டு, அந்தத் திசையில் ரயிலிலும் காலாலும் எட்டக்கூடியவற்றை மட்டும் பார்க்க வேண்டும். கட்டணம் செலுத்தி நுழையும் இடங்களை மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். இந்நகரில் பார்க்கத் தகுந்தவற்றுள் பெரும்பகுதி, ஏரிக்கரையும் பூங்காக்களும் கட்டடங்களும், காசில்லாமல் பார்க்கக் கூடியவை.

எப்போது வருவது

மே மாத நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை வருவது நல்லது. முதியவர்களும் குழந்தைகளும் உடன் வருவதாக இருந்தால் செப்டம்பரைத் தேர்ந்தெடுக்கும்படி சொல்வேன். வெயிலின் கடுமை தணிந்திருக்கும், பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டமும் குறைந்திருக்கும், படகுகளும் ஓடிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் வர நேர்ந்தால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் குளிரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2019 ஜனவரி 30 அன்று இங்கு வெப்பநிலை மைனஸ் 30 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்கியது. அப்படிப்பட்ட நாட்கள் அரிதானவை என்றாலும், டிசம்பர் முதல் மார்ச் வரை காதுகளை மூடும் தொப்பியும், கையுறையும், ஈரம் புகாத காலணியும் இன்றி வெளியே போகவே முடியாது.

கோடையில் வருபவர்களும் ஒரு மெல்லிய ஜாக்கெட்டைப் பையில் வைத்திருப்பது அவசியம். மிச்சிகன் ஏரி பெயருக்குத்தான் ஏரி. அதன் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர், எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, அலையும் அடிக்கும். அந்தத் தண்ணீர்ப் பரப்பின் மேலிருந்து காற்று திரும்பும்போது, நகரத்தின் மேற்குப் பகுதி வியர்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கரையோரம் குளிர்ந்து நடுங்கும். உள்ளூர் வானிலை அறிக்கையில் "ஏரியோரம் குளிர்ச்சியாக இருக்கும்" என்ற வாக்கியம் வசந்த காலம் முழுவதும் இடம்பெறும். அதை நம்பாமல் பருத்திப் புடவையோடு மட்டும் ஏரிக்கரைக்கு வந்த என் பெரியம்மா, அரை மணி நேரத்தில் அருகிலிருந்த கடையில் ஒரு கம்பளிச் சால்வை வாங்க வேண்டியதாயிற்று.

இந்திய நேரத்தைவிடச் சிகாகோ கோடையில் பத்தரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. ஏறக்குறைய இரவும் பகலும் இடம் மாறிவிடுவதால், வந்து இறங்கிய மறுநாளே பெரிய அருங்காட்சியகம் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. மதியம் மூன்று மணிக்கு எல்லோருக்கும் கண் சொருகும்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள்

பன்னாட்டு விமானங்கள் பெரும்பாலும் ஓஹேர் விமான நிலையத்துக்கு வரும். உள்நாட்டு விமானத்தில் வருபவர்கள் மிட்வேயில் இறங்கக்கூடும். இரண்டிலிருந்தும் நகர மையத்துக்கு நேரடி ரயில் உண்டு. ஓஹேரிலிருந்து ப்ளூ லைனில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். மிட்வேயிலிருந்து ஆரஞ்ச் லைனில் அரை மணி நேரம் கூட ஆகாது. மாலை நேர நெரிசலில் கார் எடுக்கும் நேரத்தைவிட ரயில் எடுக்கும் நேரம் பல சமயம் குறைவு. செலவையோ ஒப்பிடவே தேவையில்லை. ஆனால் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டிகள், உடன் முதியவர்கள் என்றால் வாடகைக் காரே சரி. நகரின் சில ரயில் நிலையங்களில் இன்றும் மின்தூக்கி இல்லை. எங்கே இறங்கப் போகிறீர்களோ அந்த நிலையத்தின் பெயருக்கு அருகே வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ரயில்களுக்கு உள்ளூரில் "எல்" என்று பெயர். தூண்களின் மேல் உயர்ந்து ஓடும் ரயில் என்பதன் சுருக்கம் அது. முதல் தடம் 1892-இல் ஓடத் தொடங்கியது. எட்டுத் தடங்களும் நிறங்களின் பெயரால் அழைக்கப்படுவதால் வழி தவறுவது கடினம். அவற்றுள் ரெட் லைனும் ப்ளூ லைனும் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகின்றன. பயணச்சீட்டாக வென்ட்ரா என்ற அட்டையை நிலைய இயந்திரத்தில் வாங்கிக்கொள்ளலாம். தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையை நேரடியாக வாயிலில் வைத்தும் உள்ளே போகலாம். உள்ளே நுழையும்போது மட்டும் அட்டையைத் தொட்டால் போதும், வெளியேறும்போது தேவையில்லை. ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் வரம்பற்ற பயண அட்டைகள் உண்டு. நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் ரயிலோ பேருந்தோ ஏறுவீர்கள் என்றால் அவையே சிக்கனம். ஓஹேரில் ஏறுபவர்களிடம் மட்டும் தனிப்பயணத்துக்குக் கூடுதல் கட்டணம் வாங்கப்படும். வரம்பற்ற அட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் கிடையாது. ஆகவே அந்த அட்டையை விமான நிலையத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. ஏழு வயது நிறையாத குழந்தைகள் பெரியவர்களுடன் இலவசமாகப் பயணம் செய்யலாம்.

முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்குப் பத்து நிமிடம் செலவிட்டால் நான்கு நாட்களும் மிச்சமாகும். சிகாகோவின் சாலைகள் கோலப் புள்ளிகளை நேர்க்கோட்டில் இணைத்ததுபோல் கட்டம் கட்டமாக அமைந்தவை. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டும் மூலைதான் பூஜ்யம். 1909-இலிருந்து இந்தக் கணக்கு நடைமுறையில் இருக்கிறது. அந்த மூலையிலிருந்து வடக்கே போகப் போக வடக்கு 100, வடக்கு 200 என எண் ஏறும். மற்ற மூன்று திசைகளிலும் இப்படியே. எண்ணூறு எண்கள் சேர்ந்தால் ஒரு மைல். எனவே "வடக்கு 6400" என்று எழுதப்பட்ட டெவன் அவென்யூ, பூஜ்யத்திலிருந்து சரியாக எட்டு மைல் வடக்கே இருக்கிறது என்று வரைபடம் பார்க்காமலே சொல்லிவிடலாம். நகர மையத்துக்குத் தெற்கே முதல் மூன்று மைல்களில் மட்டும் இந்தக் கணக்கு சற்று மாறும். தெருவின் வடக்கு, மேற்குப் பக்கங்களில் இரட்டைப்படை எண்களும், தெற்கு, கிழக்குப் பக்கங்களில் ஒற்றைப்படை எண்களும் இருக்கும். திசை குழம்பினால் ஏரி எந்தப் பக்கம் என்று யாரையாவது கேளுங்கள். ஏரி எப்போதும் கிழக்கே.

ஒரே ஒரு இடத்தில் இந்த ஒழுங்கு ஏமாற்றும். ஆற்றை ஒட்டிச் செல்லும் வாக்கர் டிரைவும், மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதியும், ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு அடுக்குகள் கொண்ட சாலைகள். கைப்பேசியின் நீலப் புள்ளி நீங்கள் மேலே நிற்கிறீர்களா கீழே நிற்கிறீர்களா என்று காட்டாது. கீழடுக்கில் செயற்கைக்கோள் சமிக்ஞையும் நின்றுபோகும். வாடகைக் காரை அழைத்துவிட்டு, அது தலைக்கு மேலே நிற்க, நாம் கீழே தேடிக்கொண்டிருப்பது இங்கு அன்றாடம் நடப்பது. ஆற்றோரத்தில் காருக்காக நிற்கும்போது "மேல் வாக்கர்" அல்லது "கீழ் வாக்கர்" என்று ஓட்டுநருக்குத் தெளிவாகச் செய்தி அனுப்புங்கள்; அல்லது ஒரு தெரு தள்ளிப் போய் நின்றுகொள்ளுங்கள்.

முதல் நாள்: ஆறு

நுழைவுச்சீட்டுக்காக ஒரே ஒரு முறைதான் பணம் செலவழிக்க முடியும் என்றால், அதைக் கட்டடக்கலைப் படகுப் பயணத்துக்குச் செலவழியுங்கள் என்பேன். அதையும் முதல் நாளிலேயே செய்துவிடுங்கள். ஆற்றின் மூன்று கிளைகளிலும் போய் வருவதற்குள் நகரத்தின் வரலாறும் வரைபடமும் ஒருசேர மனத்தில் பதிந்துவிடும். பிறகு நீங்கள் நடக்கும் ஒவ்வொரு தெருவும் ஏற்கெனவே பார்த்த தெருவாகத் தோன்றும். பல நிறுவனங்கள் படகு விடுகின்றன. சிகாகோ கட்டடக்கலை மையம் நடத்தும் பயணம் ஒன்றரை மணி நேரம் நீடிக்கும். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் விளக்கம் சொல்வார்கள். மிச்சிகன் அவென்யூ பாலத்தின் தென்கிழக்கு மூலையில் படியிறங்கினால் படகுத்துறை. வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரைதான் படகு ஓடும். வார இறுதி நாட்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது அரிது. மாலை வெயில் சாயும் நேரத்துப் படகைத் தேர்ந்தெடுத்து, மேல்தளத்தில் அமருங்கள். அப்போது கண்ணாடிச் சுவர்கள் ஒன்றின் ஒளியை மற்றொன்று வாங்கித் திருப்பி அனுப்பும்.

படகில் கேட்கப்போகும் கதையின் முன்பாதியைத் தெரிந்துகொண்டு ஏறினால் இன்னும் நன்றாக இருக்கும். 1871 அக்டோபர் 8 இரவு தொடங்கிய தீ இரண்டு நாள் எரிந்து, ஏறத்தாழ முந்நூறு உயிர்களைக் குடித்து, ஒரு லட்சம் பேரை வீடற்றவர்களாக்கியது. மரத்தால் கட்டப்பட்ட நகரத்தின் நடுப்பகுதி வெறும் சாம்பலான பிறகு, அதே இடத்தில் மீண்டும் கட்ட வந்த பொறியாளர்களுக்கு நிலம் விலையேறிக்கொண்டே போனதால் மேல்நோக்கிக் கட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. 1885-இல் எழுந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம், பத்து மாடிகளின் எடையைச் சுவருக்குப் பதில் உலோகச் சட்டகத்தின் மேல் ஏற்றியது. உலகின் முதல் வானுயர் கட்டடம் என்று பெரும்பாலோர் அதையே குறிப்பிடுகிறார்கள். அது 1931-இல் இடிக்கப்பட்டுவிட்டது. நீங்கள் மிதந்துகொண்டிருக்கும் ஆறும் இயற்கையாக ஓடியபடி ஓடவில்லை. நகரத்தின் கழிவு முழுவதும் ஆற்றின் வழியே குடிநீர் தரும் ஏரியில் கலந்துகொண்டிருந்ததால், கால்வாய் வெட்டி 1900-இல் ஆற்றின் போக்கையே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டார்கள்.

படகேறும் முன் ஒரு மணி நேரம் கிடைத்தால், ஜாக்சன் தெருவும் டியர்பார்ன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கும் மொனாட்னாக் கட்டடத்தைப் பாருங்கள். அதன் வடபாதி 1891-இல் முடிந்தது, பதினாறு மாடிகள். உலோகச் சட்டகம் பரவலாகிக்கொண்டிருந்த காலத்தில், சுவரே எடையைத் தாங்கும் பழைய முறையில் இவ்வளவு உயரம் கட்டினார்கள். அதன் விலையைத் தரைத்தளத்தில் காணலாம்: அடிச்சுவரின் கனம் ஆறடி. சன்னலருகே நின்று பார்த்தால், கண்ணாடி எங்கோ குகைக்குள் இருப்பதுபோல் உள்ளொடுங்கித் தெரியும். எந்த விளக்க நூலும் இன்றி, வானுயர் கட்டடத்துக்கு எஃகு ஏன் தேவைப்பட்டது என்பதை அந்தச் சன்னல் சொல்லிவிடும்.

இரண்டாம் நாள்: மிச்சிகன் அவென்யூ

காலை எட்டு மணிக்கு மில்லெனியம் பூங்கா திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். 2004-இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. மும்பையில் பிறந்த சிற்பி அனீஷ் கபூர் வடித்த "கிளவுட் கேட்" இங்குதான் இருக்கிறது. 168 துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை இணைத்து, இணைப்புத் தெரியாமல் இழைத்து மெருகேற்றியிருக்கிறார்கள்; நீளம் 66 அடி, உயரம் 33 அடி. ஊரார் அதை அவரை விதை என்று செல்லமாக அழைக்கிறார்கள். நம் கண்ணுக்கு அது மொச்சைக்கொட்டை. பத்து மணிக்கு மேல் வந்தால் அதில் உங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். எட்டு மணிக்கு வானமும் கட்டடங்களும் நீங்களும் மட்டும் தெரிவீர்கள். அதன் அடியில் நடுவே போய் அண்ணாந்து பாருங்கள்: உங்கள் உருவம் நான்கைந்தாகப் பிரிந்து, நீண்டு வளைந்து, ஒரு புள்ளியை நோக்கி உறிஞ்சப்படுவதுபோல் இருக்கும். அருகிலேயே ஐம்பதடி உயரமுள்ள இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஊர்மக்களின் முகங்கள் அவற்றில் மாறி மாறித் தோன்றி, வெயில் மாதங்களில் வாயைக் குவித்துத் தண்ணீரை உமிழும். குழந்தைகள் அதில் நனையாமல் திரும்பியதாக வரலாறு இல்லை; மாற்றுடை எடுத்துச் செல்லுங்கள்.

பூங்காவை ஒட்டியே ஆர்ட் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவலிருக்கும் இந்தக் கட்டடத்துக்குத் தமிழ்நாட்டோடு உள்ள தொடர்பு பெரிது. 1893-இல் உலகக் கண்காட்சியை ஒட்டிக் கட்டப்பட்ட இக்கட்டடத்தில்தான் அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று சர்வசமயப் பேரவை தொடங்கியது. சுவாமி விவேகானந்தர் பேசியதும் இங்கேதான். அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கமளித்து உதவினார். பேரவை நடந்த அரங்கு தற்காலிகமாக அமைக்கப்பட்டது என்பதால் இன்று அதைக் காண முடியாது. வெளியே மிச்சிகன் அவென்யூவின் அப்பகுதிக்குச் சூட்டப்பட்டுள்ள விவேகானந்தர் பெயரைப் பழுப்பு நிறப் பலகையில் காணலாம்.

உள்ளே போனதும் எல்லோரும் சூராவின் பெரிய ஓவியத்தையும், வான்கோவின் படுக்கையறையையும், ஹாப்பரின் இரவு உணவகத்தையும் தேடி மாடிக்கு ஓடுவார்கள். அவற்றைக் கட்டாயம் பாருங்கள். அதற்கு முன், தரைத்தளத்தில் இந்திய, தென்கிழக்காசியக் கலைகளுக்கான ஆல்ஸ்டார்ஃப் கூடத்துக்குப் போங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அங்கே கருங்கல்லில் வடித்த ஒரு புத்தர் அமர்ந்திருக்கிறார். ஏறத்தாழ ஐந்தடி உயரம், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், தாழ்ந்த இமைகள். குறிப்புப் பலகையில் ஊர்ப்பெயர் நாகப்பட்டினம் என்றும், காலம் சோழர் காலம், 12-ஆம் நூற்றாண்டு அளவில் என்றும் எழுதியிருக்கிறது. ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜ சோழன் ஊர் கொடுத்ததை ஆனைமங்கலச் செப்பேடுகள் வழியாகப் பாடநூலில் படித்திருப்போம். நாகையில் பௌத்தம் தழைத்திருந்ததன் சான்றை ஒரு முழத் தொலைவில் நின்று பார்க்கக் கிடைப்பது வேறு. நான் அழைத்துச் சென்றவர்களுள் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஊரில் கடையாத்தெரு, வெளிப்பாளையம் என்று பேசிக்கொண்டே வந்தவர், அந்தப் பலகையைப் படித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு எதிரே கிடந்த இருக்கையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று மாடிக்குப் போக எங்களுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. அதில் யாருக்கும் குறையில்லை.

இந்த அருங்காட்சியகம் வாரத்தில் சில நாட்கள் மூடியிருக்கும் என்பதால், உங்கள் பயணத் தேதிகளை வைத்து முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிகாகோ அருங்காட்சியகங்களின் "இலவச நாட்கள்" பெரும்பாலும் இல்லினாய் மாநிலவாசிகளுக்கு மட்டுமே உரியவை. அடையாள அட்டை கேட்பார்கள். இங்கு படிக்கவோ வேலைக்கோ வந்து மாநில அடையாள அட்டை பெற்றவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு அது பொருந்தாது.

மாலையில் கால் வலித்தால், எதிரே ராண்டால்ஃப் தெரு மூலையிலிருக்கும் சிகாகோ கலாச்சார மையத்துக்குள் போய் அமருங்கள். 1897-இல் பொது நூலகமாகக் கட்டப்பட்டது. கட்டணம் இல்லை, சுத்தமான கழிப்பறை உண்டு. நகர மையத்தில் பொதுக் கழிப்பறை கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை முதியவர்களுடன் சுற்றியவர்கள் அறிவார்கள். மேல்மாடியில் 38 அடி விட்டமுள்ள டிஃபனி கண்ணாடிக் குவிமாடம் இருக்கிறது. வெளியில் வெயில் கூடிக் குறைவதற்கேற்ப அதன் நிறம் மாறுவதை நாற்காலியில் சாய்ந்தபடி பார்க்கலாம்.

உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்க இரண்டு இடங்கள் புகழ்பெற்றவை, ஒன்று போதும். வில்லிஸ் டவரின் 103-ஆம் மாடியில், சுவருக்கு வெளியே நீட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று காலடியில் தெருவைப் பார்க்கலாம். கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் 1998-இல் முந்தும்வரை இதுவே உலகின் உயரமான கட்டடமாக விளங்கியது. முன்பு ஜான் ஹான்காக் மையம் என்று அழைக்கப்பட்ட வடக்கு மிச்சிகன் 875-இன் 94-ஆம் மாடியிலிருந்து ஏரியும் கரையின் வளைவும் தெளிவாகத் தெரியும். குழந்தைகளுக்கு முன்னது, காட்சிக்குப் பின்னது என்பது என் கருத்து. இரண்டுக்கும் உயிர்நாடியான கட்டமைப்பை வகுத்தவர் ஒருவரே; டாக்காவில் 1929-இல் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். வானம் மூடியிருக்கும் நாளில் எதற்கும் சீட்டு வாங்காதீர்கள். மேகத்துக்குள் நின்று வெண்மையைத்தான் பார்ப்பீர்கள்.

மூன்றாம் நாள்: தெற்கு

தெற்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் செய்ய முயலாதீர்கள். முதலாவது, ரூஸ்வெல்ட் நிலையத்திலிருந்து கால் மணி அல்லது இருபது நிமிட நடையில் இருக்கும் அருங்காட்சியக வளாகம். ஃபீல்ட் அருங்காட்சியகம், ஷெட் மீன்காட்சியகம், ஆட்லர் கோளரங்கம் மூன்றும் இங்கே பக்கத்தில் பக்கத்தில். ஃபீல்டில் "சூ" என்ற நாற்பதடி நீள டைனோசர் எலும்புக்கூடு உண்டு. 1990-இல் தெற்கு டக்கோட்டாவில் கண்டெடுத்ததை 1997 ஏலத்தில் எண்பது லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கினார்கள். 1898-இல் கென்யாவில் ரயில்பாதை போட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கொன்ற சாவோ சிங்கங்கள் இரண்டையும் இங்கே கண்ணாடிக்குள் காணலாம். மூன்றுக்கும் சீட்டு வாங்கினால் எதையும் முழுதாகப் பார்க்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாலையில் ஆட்லர் இருக்கும் நிலமுனையின் நுனிவரை நடந்துவிடுங்கள். நகரத்தின் முழு வடிவும் தண்ணீருக்கு அப்பால் ஒரே காட்சியாக விரிவது அங்கிருந்துதான், அதற்குக் காசு கிடையாது.

இரண்டாவது வழி, இன்னும் தெற்கே ஹைட் பார்க். 1944-இல் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலைத் தன்னுள் வைத்திருக்கும் அறிவியல், தொழில் அருங்காட்சியகம் இங்கிருக்கிறது. பொறியியல் நாட்டமுள்ள பிள்ளைகள் இருந்தால் இந்த வழியே சரி. அருகிலேயே சிகாகோ பல்கலைக்கழகம். 1942 டிசம்பர் 2 அன்று உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினை நிகழ்ந்த இடத்தில் ஒரு வெண்கலச் சிற்பம் நிற்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர் 1937 முதல் தம் வாழ்நாள் இறுதிவரை பணியாற்றியதும் இப்பல்கலைக்கழகத்தில்தான். வளாகத்துக்குள் நடந்து பார்க்க அனுமதி தேவையில்லை.

நான்காம் நாள்: வடக்கு

கடைசி நாளைச் செலவில்லாமலும் அவசரமில்லாமலும் வைத்துக்கொள்ளலாம். காலையில் லிங்கன் பார்க் விலங்குக் காட்சிசாலை. 1868-இலிருந்து இயங்கும் இதற்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அங்கிருந்து ஏரிக்கரைப் பாதையில் தெற்கு நோக்கி நடந்தால் நார்த் அவென்யூ கடற்கரை. ஏரிக்கரைதான், ஆனாலும் மணலும் அலையும் இருப்பதால் எல்லோரும் கடற்கரை என்றே சொல்கிறோம். மதியத்துக்கு மேல் ரெட் லைனில் லயோலா நிலையம் போய், 155-ஆம் எண் பேருந்தில் மேற்கே சென்றால் டெவன் அவென்யூவின் இந்திய, பாகிஸ்தானியக் கடைகள். தோசையும் பொங்கலும் பில்டர் காபியும் கிடைக்கும். மளிகைக் கடைகளில் முருங்கைக்காய் முதல் அப்பளம் வரை இருக்கும். லெமான்ட்டிலும் அரோராவிலும் உள்ள பெரிய கோயில்கள் நகரத்துக்கு வெளியே தொலைவில் இருப்பதால், கார் உள்ள உறவினர் அழைத்துச் சென்றால் மட்டும் போங்கள்; அதற்குத் தனியாக அரை நாள் வேண்டும்.

எந்த நாளாயினும், ப்ரௌன் லைனில் ஒருமுறை ஏறி, நகர மையத்தை வளைத்துச் செல்லும் "லூப்" முழுவதும் சுற்றி வாருங்கள். 1897-இல் முடிக்கப்பட்ட அந்த வளையத்தில், ரயில் அலுவலகங்களின் இரண்டாம் மாடிச் சன்னல்களுக்குக் கை எட்டும் தூரத்தில் முனகிக்கொண்டு திரும்பும். ஒரு பயணச்சீட்டின் விலையில் கிடைக்கும் சுற்றுலா அது.

உணவு, பணம், பாதுகாப்பு

விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு கணக்கு முடியாது. நகரின் விற்பனை வரி பத்து விழுக்காட்டைத் தாண்டுகிறது. மேசையில் வந்து பரிமாறும் உணவகத்தில் அதற்கு மேல் 18 முதல் 20 விழுக்காடு டிப்ஸ் வைப்பது வழக்கம். பரிமாறுபவர்களின் வருமானத்தில் பெரும்பங்கு அதுதான் என்பதால் அதைக் குறைக்க வேண்டாம். பெரிய குழுவாகப் போனால் ரசீதிலேயே சேர்த்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வூரின் ஆழத்தட்டு பீட்சா வேகவே முக்கால் மணி நேரம் ஆகும். பசி வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு, மிஞ்சினால் இரண்டு, அதற்கு மேல் நம்மவர்களால் முடியாது. சைவ உணவினர் பசலைக்கீரை வைத்ததைக் கேளுங்கள். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி தவிர்ப்பவர்கள் பெப்பரோனி, சாசேஜ், இத்தாலியன் பீஃப் ஆகிய சொற்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மெக்சிகோ உணவகங்களில் பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டுவிட்டு உண்ணுங்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். பாட்டிலைக் கையோடு வைத்திருந்தால் போகுமிடமெல்லாம் நிரப்பிக்கொள்ளலாம்.

ரயிலில் கதவருகே நின்று கைப்பேசி பார்க்காதீர்கள். கதவு மூடும் கணத்தில் பறித்துக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. இரவில் ஆளில்லாத பெட்டியைத் தவிர்த்து, ஓட்டுநர் இருக்கும் முதல் பெட்டியில் ஏறுங்கள். அவசர உதவிக்கு 911. சாலை கடக்கும்போது நடப்பவர்களுக்கான விளக்கு எரிந்தாலும் வலப்புறம் திரும்பும் கார்களைக் கவனித்துவிட்டே காலை எடுத்துவைக்க வேண்டும். ஊரில் எந்தப் பக்கம் பார்த்துப் பழகினோமோ, வண்டி இங்கு அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

திரும்பும் நாள்

ஊர் திரும்பப் பன்னாட்டு விமானம் ஏறுபவர்கள் முனைய எண்ணை முந்தின இரவே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ப்ளூ லைன் ஓஹேரின் முதல் மூன்று முனையங்களுக்கு அருகில்தான் நிற்கிறது. வெளிநாட்டு விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ஐந்தாம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. அங்கே போக விமான நிலையத்துக்குள் ஓடும் இலவச ரயிலில் மாற வேண்டும். பெட்டிகளோடு நடந்து, மின்தூக்கி ஏறி, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். வென்ட்ரா அட்டையில் மீதிப் பணம் இருந்தால், அதை இங்கே தங்கியிருக்கும் உறவினரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அடுத்து வரும் விருந்தினருக்கு உதவும்.